வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு எதை எடுத்துக்கொண்டு போவது?

ஊட்டியில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். அவர்கள் துறையில் வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வுப் பேச்சு ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்று வாரம் மாணவர்கள், நான்காவது வாரம் வெளியிலிருந்து விருந்தினர். இவருடைய முறை அடுத்த மாதம் வருகிறது, முப்பது நிமிடம். ப்ராஜெக்ட் துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலம். "ஊரே செய்கிற ப்ராஜெக்ட், இதில் பேச என்ன இருக்கிறது? தமிழில் பேசினால் மட்டமாக நினைப்பார்களா? விருந்தினர் பேசும்போது பத்து நிமிடத்துக்கு மேல் ஒன்றும் புரிவதில்லையே, என்ன செய்வது? பாதியில் பேச்சு நின்றுவிட்டால்?" இவ்வளவுதான் கேள்வி.

மலையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதே மாதிரிப் பேச்சு வரிசையைப் பல வருடம் நடத்தியிருக்கிறேன், நிறையத் தூங்கியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் இப்போது தயாரித்து வைத்திருக்கும் ஸ்லைடுகள் எப்படி இருக்கும் என்று ஊகிக்கிறேன். முதல் ஸ்லைடு நானோ தொழில்நுட்பம் என்றால் என்ன. இரண்டாவது துத்தநாக ஆக்சைடின் பயன்கள்: சூரிய மின்கலம், வாயு சென்சார், பெயிண்ட், சன்ஸ்க்ரீன். மூன்றாவது செய்முறை, பெட்டி பெட்டியாக அம்புக்குறி போட்டு. அப்புறம் எக்ஸ்ஆர்டி (படிகத்தில் எக்ஸ் கதிரைச் சிதறவைத்து எடுக்கும் வரைபடம்), யுவி (புற ஊதா ஒளி அளவீடு), எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம். கடைசியில் "நன்றி" என்று ஒரு ரோஜாப்பூ. சரிதானே? இந்தப் பேச்சை நான் குறைந்தது நாற்பது தடவை கேட்டிருப்பேன். பொருள் மட்டும் மாறும்: ஒரு வருடம் டைட்டானியம் டையாக்சைடு, மறு வருடம் காட்மியம் சல்பைடு.

இதில் குறை ப்ராஜெக்டில் இல்லை. பேச்சுக்குள் கேள்வி இல்லை, அதுதான் குறை. ஆறு மாதம் ஆய்வகத்தில் இருந்திருக்கிறீர்கள். ஏதாவது ஒரு இடத்தில் "இது ஏன் இப்படி வருகிறது?" என்று முழித்திருப்பீர்கள். அந்த இடத்தை மட்டும் பேசுங்கள். முப்பது நிமிடத்துக்கு ஒரு கேள்வி தாராளம்.

எங்கள் மாணவி ஒருவர் கதை சொல்கிறேன். அவரும் இதே துத்தநாக ஆக்சைடுதான், வேதிக் குளியல் முறை, அதாவது கண்ணாடித் துண்டைக் கரைசலில் வைத்து, நீர்க் குளியலில் சூடாக்கிப் படலம் வளர்ப்பது. ஏதோ சமவெளி ஆய்வகத்துக் கட்டுரையைப் பார்த்துச் செய்தார். நீர்க் குளியலை 95 டிகிரியில் வைத்து இரண்டு மணி நேரம் என்று அதில் போட்டிருந்தது. இவருக்கு 92, 93-க்கு மேல் ஏறவே இல்லை. தெர்மாமீட்டரை மாற்றினார். ஹீட்டர் காயில் போய்விட்டது என்று அதையும் மாற்ற வைத்தார். படலம் மெல்லியதாகவே வந்தது. ஒரு மாதம் இப்படியே போனது. கைடும் கவனிக்கவில்லை (கைடு நான்தான்).

விஷயம் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தண்ணீர் 92.5 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரை எவ்வளவு சூடாக்கினாலும் அதற்கு மேல் ஏறாது. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது என்பது அந்தப் பெண்ணின் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அவருக்கும் எனக்கும் மறந்துபோனது.

அவர் பேச்சு அதைப் பற்றித்தான். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, தொட்டபெட்டா என்று நான்கு இடத்தில் டீக்கடை அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அளந்து வந்தார். சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மேட்டுப்பாளையத்தில் 99 வந்தது, குன்னூரில் 94-ஐ ஒட்டி வந்தது. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில் 91-க்கு மேல் வர வேண்டும், இவருக்கு அரை டிகிரிக்கு மேல் குறைந்து வந்தது. கேள்வி நேரத்தில் அதையே பிடித்துக்கொண்டார் ஒரு ஆசிரியர். பத்து நிமிடம் வாக்குவாதம். கடைசியில் எங்கள் ஆய்வக உதவியாளர் பின்னாலிருந்து, "தண்டு பூராவும் வெளியே குளிர்காற்றில் நின்றிருக்குமே சார்" என்றார். அதுதான் விடை. பாதரச தெர்மாமீட்டரைப் பெரும்பாலும் தண்டு முழுக்க மூழ்கியிருக்கும் நிலையில்தான் அளவு குறிப்பார்கள். குமிழ் மட்டும் வெந்நீரில் இருந்து, தண்டில் அறுபது டிகிரி நீளம் குளிரில் நின்றால், அந்தப் பகுதிப் பாதரசம் சரியாக விரியாமல், தெர்மாமீட்டர் அரை டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும். இரண்டு வருடப் படிப்பில் அந்த வகுப்பு கற்றுக்கொண்ட பிழைத் திருத்தம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். படலம் என்ன ஆனது என்கிறீர்களா? நேரத்தைக் கூட்டி வளர்த்தார், நன்றாகவே வந்தது. அதைப் பேச்சில் ஒரு ஸ்லைடில் முடித்துவிட்டார்.

உங்கள் ப்ராஜெக்டில் இப்படி எதுவும் இல்லை என்று சொல்லாதீர்கள். எக்ஸ்ஆர்டி எடுத்திருப்பீர்கள், எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் எழும் முகட்டின், அதாவது பீக்கின், அகலத்திலிருந்து ஷெரர் சூத்திரம் போட்டு படிகத் துகளின் அளவு கண்டுபிடித்திருப்பீர்கள். "22.4371 நானோமீட்டர்" என்று நான்கு தசமத்தில் எழுதியிருப்பீர்கள். சூத்திரத்தில் இருக்கும் மாறிலியை ஒருவர் 0.9 என்பார், இன்னொருவர் 0.94 என்பார். அதிலேயே நான்கு சதவீதம் போய்விட்டது, அப்புறம் எங்கிருந்து நான்கு தசமம்?

இதையே பேச்சாக்கலாம். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 34.4 டிகிரியில் வரும் பீக்கின் அகலம் 0.38 டிகிரி என்று வையுங்கள். செம்பு எக்ஸ் கதிர், அலைநீளம் 0.15406 நானோமீட்டர். நேராகப் போட்டால் சுமார் 22 நானோமீட்டர் வரும். ஆனால் கருவிக்கே ஒரு அகலம் உண்டு. கச்சிதமான படிகத்தை வைத்தாலும் பீக் கோடு மாதிரி வராது, கொஞ்சம் பருத்துத்தான் வரும். அது 0.10 டிகிரி என்று வைத்துக்கொண்டு நேராகக் கழித்தால் துகளின் அளவு கிட்டத்தட்ட 30 ஆகிவிடுகிறது. வர்க்கமாக்கிக் கழித்து மூலம் எடுத்தால் 23-க்குள் நிற்கிறது. பீக்கின் வடிவம் எந்த வகை என்று முடிவு செய்வதைப் பொறுத்து விடை 23 அல்லது 30. படலத்துக்குள் இடத்துக்கு இடம் மாறும் இழுவிசை இருந்தால் அதுவும் பீக்கைப் பருக்க வைக்கும், அது தனிக் கதை. ஒரே படம், ஒரே பீக். உங்கள் துறையில் எத்தனை ப்ராஜெக்ட் புத்தகத்தில் இந்தக் கழித்தல் செய்திருக்கிறார்கள் என்று நூலகத்தில் போய்ப் பாருங்கள், எண்ணி வந்து சொல்லுங்கள். முப்பது நிமிடம் போதாது.

அகலத்தை ரேடியனுக்கு மாற்ற மறந்தவர்களும் இருப்பார்கள். 0.38-ஐ அப்படியே போட்டால் துகளின் அளவும் தற்செயலாக 0.38 நானோமீட்டர் என்றே வரும். துத்தநாக ஆக்சைடு படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய கட்டம், அதாவது அலகுக் கூடு, அதன் உயரமே 0.52. ஒரு செங்கலைவிடச் சின்ன வீடு கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். சபை சிரிக்கும், அப்புறம் தங்கள் நோட்டைத் திறந்து பார்க்கும்.

ப்ராஜெக்டைத் தாண்டி வேறு ஏதாவது பேச அனுமதி உண்டென்றால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் சாதாரண இடமில்லை. சென்னையில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்காத இரண்டு பொருள் உங்கள் பஸ் தூரத்தில் இருக்கின்றன.

பாலாடா பக்கம் போகும்போது முத்தோரையில் மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: சமதரையில் கட்டாமல் ஏன் சரிவில் கட்டினார்கள்? அந்தச் சரிவு வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. ஆகவே தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக நிற்கிறது. பூமி சுழல்வதை ஈடுகட்ட ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானில் ஒரு பொருளைத் தொடர்ந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். இதற்காகவே இப்படிப்பட்ட மலையைத் தேடிப் பிடித்தார்கள். இன்னொரு வசதி, பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால்தான் இவ்வளவு மென்மையான சரிவு போதுமானது. இதே கருவியை டெல்லியில் கட்ட வேண்டுமென்றால் 28 டிகிரிச் சரிவு வேண்டும். ஒரு கோணமானியும் ஒரு உருளை டப்பாவும் கொண்டு போய் மேஜைமேல் செய்து காட்டலாம், ஸ்லைடே வேண்டாம். நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நொடியை வைத்து அதன் இடத்தையும் அளவையும் கண்டுபிடிப்பதுதான் அதன் ஆரம்ப கால வேலை. அது அடுத்த பேச்சுக்கு.

இன்னொன்று காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் இருக்கும் கிரேப்ஸ்-3, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கருவித் தொகுதி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் நடக்கிறது. காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது உண்டாகும் ஒரு வகைத் துகள்தான் மியூவான். கிரேப்ஸின் மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர், நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி அதற்கு மேலே ஒரு இடி மேகம் போனது. பதினெட்டு நிமிடம் மியூவான் எண்ணிக்கை சுமார் இரண்டு சதவீதம் குறைந்தது. மேகத்துக்குள் இருக்கும் மின்னழுத்தம் மியூவான்களின் ஆற்றலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேல் இருப்பவை மட்டும் கருவியில் பதிவதால் எண்ணிக்கை மாறுகிறது. அந்த இரண்டு சதவீதத்திலிருந்து கணக்குப் போட்டால் மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட். 2019-ல் கட்டுரையாக வந்தது. நூறு கோடி வோல்ட் இருக்கலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1929-லேயே ஊகித்திருந்தார், நேரில் அளக்க வழியில்லாமல் இருந்தது. பலூனை மேகத்துக்குள் விட்டால் அது போகும் பாதையில் மட்டும்தான் அளக்கும். மியூவான் மேகம் முழுவதையும் ஊடுருவி வருகிறது. அந்தச் சாயங்காலம் நான் ஊட்டியில்தான் இருந்தேன், மழையென்று குடையைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள், நொடிக்கு ஒன்றோ இரண்டோ மியூவான் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. பேச்சை இப்படி ஆரம்பித்துப் பாருங்கள். கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும்.

சரி, மொழி. தமிழில் பேசுங்கள். "பீக்", "ஸ்லைடு", "பேண்ட் கேப்" எல்லாம் அப்படியே இருக்கட்டும், அதற்குத் தூய தமிழ் தேடி இடறி விழ வேண்டாம். கூடலூர், மஞ்சூர், கோத்தகிரி என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பலருக்கு வீட்டில் படுகு மொழி, சிலருக்கு மலையாளம், சிலருக்குக் கன்னடம். தமிழ் எல்லோருக்கும் பொது. ஆங்கிலத்தில் பேசும் மாணவர் மனப்பாடம் செய்த வரியைத்தான் பேசுகிறார், குறுக்கே ஒரு கேள்வி வந்தால் வண்டி நின்றுவிடும். தமிழில் பேசுபவருக்குக் குறுக்குக் கேள்வி தொந்தரவாக இல்லை, பேச்சின் பகுதியாகவே போகும். நான் பார்த்தவரை வித்தியாசம் அவ்வளவு தெளிவு. ஒரு சமரசம் சொல்கிறேன்: ஸ்லைடில் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கட்டும், வாயில் தமிழ். வெளியிலிருந்து யாராவது தமிழ் தெரியாதவர் வந்திருந்தால் படத்தைப் பார்த்தே தொடர்வார். நாளை நேர்காணலுக்கு ஆங்கிலம் வேண்டும், உண்மைதான். அதே பேச்சை விடுதி அறையில் தோழிகள் இருவருக்கு ஆங்கிலத்தில் ஒருமுறை பேசிப் பழகுங்கள்.

விருந்தினர் பேச்சு. பத்து நிமிடத்துக்கு மேல் புரியவில்லை என்றீர்கள். எனக்கும் அப்படித்தான், பாதிப் பேச்சுகளில். பேசுபவர் தன் குழுவிடம் பேசுவதாக நினைத்துப் பேசுகிறார், தவறு பெரும்பாலும் அவருடையது. ஆனாலும் கேட்பவர் செய்ய ஒன்று உண்டு. வரைபடம் வரும்போதெல்லாம் கிடைமட்ட அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பேச்சில் அதை அவர் சொல்லவே மாட்டார். கையைத் தூக்கிக் கேளுங்கள். இது முட்டாள் கேள்வி என்று நீங்கள் நினைப்பீர்கள், உங்கள் துறைத் தலைவருக்கும் அது தெரியாது என்பதைப் பந்தயம் கட்டிச் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி எல்லாப் பேச்சுக்கும் பொருந்தும்: "நீங்கள் எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன?" கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909 ஜனவரியில் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியக் கரும்புள்ளியின் நிறமாலையைப் படம் எடுத்தார். அமெரிக்காவில் ஹேல் என்ற வானியலாளர் அதற்கு முந்தைய வருடம்தான் கரும்புள்ளியைச் சுற்றிச் சுழல் இருப்பதாகச் சொல்லியிருந்தார். வாயு சுழன்றால் நிறமாலைக் கோடுகள் ஒரு மாதிரி விலகும், நடுவிலிருந்து வெளியே ஓடினால் வேறு மாதிரி விலகும். எவர்ஷெட் சுழலைத் தேடினார், கிடைத்தது ஆரப் போக்கில் வெளியே ஓடும் ஓட்டம், நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் வாக்கில். அந்த ஓட்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். கொடைக்கானலிலிருந்து யாராவது உங்கள் கல்லூரிக்கு வந்தால் அந்தப் பழைய தட்டுகளைப் பற்றிக் கேளுங்கள். நூறு வருடத்துக்கும் மேலான சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன, கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எக்ஸ்ஆர்டி கட்டணம்கூட இல்லாமல் இதைவிட நல்ல தரவு கிடைக்காது.

சில விருந்தினர்களிடம் இயற்பியலைத் தாண்டியும் கேள்வி வரும். வரட்டும். ஒருமுறை நியூட்ரினோ (எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் துகள்) பற்றிப் பேச ஒருவர் வந்தார். இந்தியாவின் நியூட்ரினோ ஆய்வகத்தை முதலில் இங்கே சிங்காராவில் அமைக்கத்தான் திட்டம். முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருக்கிறது என்று 2009-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது, பிறகு தேனி மாவட்டத்துப் போடி மேற்கு மலை என்று ஆனது. மசினகுடிப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்து யானை வழித்தடத்தைப் பற்றிக் கேட்டார். பாறை உடைக்கும் லாரி நாளைக்கு எத்தனை, எந்த வழியாக என்று கேள்வி போனது. வந்தவர் முதலில் சங்கடப்பட்டார், அப்புறம் ஸ்லைடை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசினார். ஒரு கிலோமீட்டர் பாறை தலைக்கு மேல் ஏன் வேண்டும் என்பது அன்றுதான் எல்லோருக்கும் உறைத்தது: உள்ளங்கையைத் துளைக்கும் அந்த மியூவான்களை வடிகட்டத்தான்.

விருந்தினரைக் கூப்பிடும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் சின்னச் சின்ன விஷயங்கள். பிப்ரவரி 28 அறிவியல் நாளுக்கு யாரையும் கேட்காதீர்கள், ராமன் புண்ணியத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் நான்கு கல்லூரி இருக்கும். காரில் வருபவரிடம் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் போடுவார். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்தவரை நேராக மேடைக்கு ஏற்றாதீர்கள், அரை மணி நேரம் விடுங்கள், டீயும் வர்க்கியும் கொடுங்கள். "எங்கள் பிள்ளைகளுக்கு இதுவரை தெரிந்தது இவ்வளவு" என்று ஒரு பக்கம் முன்கூட்டியே அனுப்புங்கள். இதை யாருமே செய்வதில்லை, செய்தால் பேச்சு பாதி சரியாகிவிடும். மூன்றரைக்குள் முடியுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் கேள்வி கேட்க மாட்டார்.

பாதியில் நின்றுவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். நிற்கும். என் முதல் பேச்சில் நானும் நின்றேன், ஒரு நிமிடம் போல் மௌனம், மின்விசிறிச் சத்தம்கூட இல்லை, இந்த ஊரில் விசிறி ஏது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: பேச்சின் மையப் படத்தை, ஒரே ஒரு படத்தை, பார்க்காமல் கரும்பலகையில் வரையத் தெரியும்வரை வீட்டில் வரைந்து பார்ப்பேன். வார்த்தை நின்றால் திரும்பி அந்தப் படத்தை வரைய ஆரம்பித்துவிடுவேன். அச்சுக்குப் பெயர் எழுதும்போதே அடுத்த வரி வந்துவிடும். உங்களுக்கு அந்தப் பீக்கும் அதன் அகலமும் போதும். அடுத்த மாதம் என்றால் மழைக் காலம், பேச்சுக்கு நடுவில் கரண்ட் போக நிறைய வாய்ப்பு உண்டு. புரொஜெக்டர் அணைந்தால் அதே படம்தான். சாக்பீஸ் இரண்டு பையில் போட்டுக்கொண்டு போங்கள், வகுப்பறையில் இருப்பது ஈரத்தில் ஊறிப்போயிருக்கும், எழுதாது.